மூன்று மொழிக்கு ஒரு வார்ப்புரு: யாங்கோனில் நான் பட்டதும் தெரிந்துகொண்டதும்

இணையதளம் அமைக்கும் மென்பொருளைக் கொண்டு சொந்தமாக ஒரு டெம்ப்ளேட்டை, அதாவது வார்ப்புருவை, உருவாக்கிப் பலருக்கும் பயன்படுத்தலாம் என்று நான் இறங்கியபோது, அந்த வேலையைத் தமிழில் செய்து பார்த்தவர் எவரும் என் கண்ணில் படவில்லை. ஆங்கிலத்தில் வழிகாட்டிகள் ஏராளமாகக் கிடைத்தன. ஆனால் அவை அனைத்தும் ஆங்கிலப் பக்கம் செய்பவர்களுக்காக எழுதப்பட்டவை. தமிழும் பர்மிய மொழியும் ஆங்கிலமும் ஒரே தளத்தில் வரவேண்டிய வேலையில் எது எங்கே முறியும் என்பதைப் பணத்தையும் தூக்கத்தையும் கொடுத்துத்தான் நான் தெரிந்துகொள்ள நேர்ந்தது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்கள் மென்பொருளுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிட வேண்டும் என்பதற்காகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மியான்மரின், அதாவது பர்மாவின், யாங்கோன் நகரில் எனக்குச் சிறிய அச்சகம் ஒன்று இருக்கிறது. திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா அறிவிப்பு, கடைப் பில் புத்தகம் ஆகியவைதான் அன்றாட வேலை. 2014-இல் வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் இங்கே சேவையைத் தொடங்கி, சிம் அட்டை 1,500 கியாட்டுக்கு (கியாட் இந்த நாட்டுப் பணம்) கிடைக்கத் தொடங்கிய பிறகு, வீட்டுக்கு வீடு கைபேசி வந்துவிட்டது. அழைப்பிதழை அச்சடிக்காமல் படமாகவே அனுப்பும் பழக்கமும் கூடவே வந்தது. அச்சு வேலை குறையக் குறைய, என்னிடம் வழக்கமாக வரும் கோயில்களுக்கே இணையதளம் செய்து கொடுக்கலாம் என்று தோன்றியது. கோயில்களின் தேவை ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். பூசை நேரம், தீமிதி மற்றும் பங்குனி உத்திரத்தின் நாள்கள், கோடை விடுமுறைத் தமிழ் வகுப்பு, நன்கொடையாளர் பட்டியல், பழைய படங்கள் ஆகியவற்றை வைத்தால் போதும். ஆகவே ஒரு நல்ல வார்ப்புருவைச் செய்துவிட்டால், யாங்கோனுக்கும் பெகுவுக்கும் மோல்மீனுக்கும் பெயரையும் படத்தையும் நிறத்தையும் மாற்றிக் கொடுக்கலாம் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு இன்றும் சரியானதாகவே எனக்குத் தோன்றுகிறது. மொழிதான் கடினமான பகுதியாக இருந்தது. இங்கே பிறந்து வளர்ந்த இளையவர்களில் பலர் தமிழைப் பேசுவார்கள், ஆனால் பர்மிய மொழியில்தான் படிப்பார்கள். பெரியவர்களுக்குத் தமிழ் வேண்டும். 1960-களில் தமிழகம் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள், இன்றும் குலதெய்வத்துக்குப் பணம் அனுப்புகிறவர்கள், தமிழையோ ஆங்கிலத்தையோ எதிர்பார்ப்பார்கள். எனவே மூன்று மொழியும் இல்லாத தளத்தால் எந்தக் கோயிலுக்கும் பயனில்லை.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு என்றே சந்தையில் சில மென்பொருள்கள் இருக்கின்றன. திரையில் பெட்டிகளை இழுத்து வைத்து, நிறத்தைத் தேர்ந்து, ஒரு பொத்தானை அழுத்தினால், இணையதளங்களை நடத்தப் பயன்படும் இலவச மென்பொருளான வேர்ட்பிரஸில் ஏற்றத்தக்க வார்ப்புரு ஒன்று தயாராகி வெளியே வரும். அப்படி ஒன்றை நான் தேர்ந்தெடுத்தேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. அப்போது என்னிடம் உள்நாட்டு வங்கி அட்டை மட்டுமே இருந்தது; வெளிநாட்டு நிறுவனத்துக்கு அதன் வழியாகப் பணம் செலுத்த முடியவில்லை. ஆகவே நகரத்தில் மென்பொருள் உரிமம் வாங்கித் தரும் முகவர் ஒருவரிடம் உரிமத்துக்கு 2 லட்சம் கியாட்டும் அவருடைய கூலியும் கொடுத்தேன். அவர் அதைத் தம் மின்னஞ்சல் முகவரியிலேயே பதிவு செய்து, குறியீட்டு எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வதாகச் சொன்னார். முகவர் வழியாக வாங்க நேர்ந்தால் உரிமம் உங்கள் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும் என்பதை முதலிலேயே வற்புறுத்துங்கள். கணினியை மாற்றும்போதும், கடவுச்சொல்லை மீட்கும்போதும், புதிய பதிப்பைச் சலுகை விலையில் கேட்கும்போதும் நிறுவனம் அந்த மின்னஞ்சலுக்கு உரியவரிடம் மட்டுமே பேசும். அந்த மென்பொருள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இணையத்தின் வழியாக உரிமத்தைச் சரிபார்க்கும் என்பதையும் பின்னால்தான் கண்டேன். இணைப்பு இல்லாத நாளில் காசு கொடுத்து வாங்கிய கருவியே திறக்க மறுத்தது. சோதனைப் பதிப்பு கையில் இருக்கும்போதே இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திறந்து பார்த்தால் இது நொடியில் தெரிந்துவிடும்.

மென்பொருள் காட்டிய மாதிரிப் பக்கங்கள் மிக அழகாக இருந்தன. அவற்றில் இருந்தவை எல்லாம் நான்கைந்து எழுத்து நீளமுள்ள ஆங்கிலச் சொற்கள். அந்த இடத்தில் 'நன்கொடையாளர்கள்' என்று தட்டியவுடன் மேல்பட்டியின் வரிசை உடைந்து இரண்டாம் வரிக்கு இறங்கியது. இரண்டாம் வரிக்கு இடமே இல்லாதபடி பட்டியின் உயரம் நிலையாக வைக்கப்பட்டிருந்ததால் பாதிச் சொல் படத்துக்குப் பின்னால் மறைந்தது. பர்மிய எழுத்தில் ஒரு மெய்யின் கீழ் இன்னொரு மெய் அடுக்கப்படும். மேலேயும் குறிகள் ஏறும். பொத்தான்களின் உயரம் ஆங்கில எழுத்துக்கு அளந்து செய்யப்பட்டிருந்ததால், கீழ் அடுக்கு முழுவதும் வெட்டுப்பட்டது. தலைப்புகளுக்கு அழகு சேர்ப்பதற்காக எழுத்துகளுக்கிடையே கொஞ்சம் இடைவெளி விடும் அமைப்பும் வார்ப்புரு முழுவதும் பொருத்தப்பட்டிருந்தது. அது 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் ககரத்தையும் காலையும் தனித்தனியே பிரித்து நிறுத்தியது. பத்தியின் முதலெழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் அலங்காரம் இன்னும் மோசமாக இருந்தது. 'கோயில்' என்று தொடங்கும் பத்தியில் ககரம் மட்டும் பெரிதாக நிற்க, அதன் உயிர்க்குறி பக்கத்தில் ஒரு புள்ளிவட்டத்தோடு தனியாகக் கிடந்தது. முதல் கோயிலின் அறங்காவலர் தம் கைபேசியில் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, அம்மன் பேருக்குக் காலு ஒடிஞ்சு கிடக்கே, இதையா ஊருக்குக் காட்டப் போறீங்க?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே எனக்குக் கூச்சமாக இருந்தது. அச்சுத் தொழிலில் இருப்பவனிடம் எழுத்து உடைந்திருக்கிறது என்று சொல்வதைவிடப் பெரிய வசவு கிடையாது.

இவற்றுக்கெல்லாம் தீர்வு உண்டு. ஆனால் அந்தத் தீர்வை மென்பொருள் அனுமதிக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும். எழுத்து இடைவெளியைத் தமிழுக்கும் பர்மிய மொழிக்கும் சுழியாக்க வேண்டும். முதலெழுத்து அலங்காரத்தை அடியோடு எடுத்துவிடுவது நல்லது. பெட்டி, பட்டி, பொத்தான் எதற்கும் நிலையான உயரம் தரக்கூடாது. உள்ளே இருக்கும் எழுத்துக்கு ஏற்ப அது வளர வேண்டும், சுற்றிலும் விடும் இடத்தை மட்டுமே நாம் சொல்ல வேண்டும். வரி உயரத்தைப் பொறுத்தவரை, ஆங்கிலத் தலைப்புக்கு எழுத்தின் அளவைப்போல் 1.2 மடங்கு போதுமானதாக இருந்தது. தமிழுக்கு 1.5 அளவிலும், பர்மிய மொழிக்கு 1.8 அளவிலும் வைத்த பிறகே என் பக்கங்கள் மூச்சுவிட்டன. இந்த வேறுபாட்டை ஒரே வார்ப்புருவில் வைப்பதற்கு, பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்பதை உலாவிக்குச் சொல்லும் மொழிக்குறிப்பு சரியாக இருக்க வேண்டும். அப்போதுதான் மொழிக்கு ஒரு நடைவிதியை, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பில் எழுத முடியும். வேர்ட்பிரஸில் அந்தக் குறிப்பைத் தானாகவே எழுதிக் கொடுக்கும் வசதி உண்டு. என் மென்பொருள் வெளியிட்ட வார்ப்புருவோ எல்லாப் பக்கங்களையும் அமெரிக்க ஆங்கிலம் என்றே நிரந்தரமாகப் பொறித்து வைத்திருந்தது. அதை மாற்றும் பெட்டி மென்பொருளில் எங்கும் இல்லை. வெளியே வந்த கோப்பைக் கையால் திருத்தலாம், ஆனால் அடுத்த முறை பொத்தானை அழுத்தும்போது திருத்தம் அழிந்துவிடும். சோதனைக் காலத்தில் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, மாதிரிப் பக்கத்தின் ஆங்கிலச் சொற்களை எல்லாம் அழித்துவிட்டு, உங்கள் கோயிலின் மிக நீளமான பெயரையும், கொம்பும் காலும் மிகுந்த தமிழ்ச் சொற்களையும், இரண்டடுக்கு வரும் பர்மிய சொற்களையும் இட்டு, உங்கள் தெருவில் கிடைக்கும் மலிவான கைபேசியில் பார்ப்பதுதான்.

அடுத்த தலைவலி எழுத்துருக் குறியீடு. பர்மிய மொழியைக் கணினியில் எழுதுவதற்கு இங்கே நெடுங்காலம் ஸோஜீ என்ற எழுத்துருவே ஆட்சி செய்தது. அது, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் தரும் யூனிகோடு முறை பர்மிய மொழிக்கு ஒதுக்கிய அதே எண்களைத் தன் விருப்பப்படி வேறு முறையில் பயன்படுத்தியதால், ஸோஜீயில் தட்டியது யூனிகோடு கைபேசியில் குலைந்து தெரியும், யூனிகோடில் தட்டியது ஸோஜீ கைபேசியில் குலைந்து தெரியும். எடுத்துக்காட்டாக, எழுத்துக்கு இடப்பக்கம் தோன்றும் எகரக் குறியை ஸோஜீ கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே முதலில் வைக்கும். யூனிகோடு மெய்யை முதலில் வைத்துக் குறியைப் பின்னால் வைக்கும். பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் கொம்பை முதலில் தட்டிப் பழகியவர்களுக்கு இது உடனே விளங்கும். நாடு முழுவதும் யூனிகோடுக்கு மாறும் நாளாக அரசு 2019 அக்டோபர் 1-ஐ அறிவித்தது. நான் வார்ப்புருவைச் செய்துகொண்டிருந்தது சரியாக அந்த மாற்றத்துக்கு நடுவில்தான். என்னிடமிருந்த கோயில் செய்திகளில் பர்மியப் பகுதி சில ஸோஜீயிலும் சில அச்சகங்களில் வழங்கும் வின் இன்வா என்ற எழுத்துருவிலும் இருந்தன. தமிழ்ப் பகுதி பாமினியிலும் அதையொத்த எழுத்துருக்களிலும் இருந்தது. இவற்றில் வின் இன்வாவும் பாமினியும் உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் போர்த்திய முகமூடிகள். எழுத்துரு விலகினால் உள்ளே பொருளற்ற ஆங்கிலமே இருக்கும். மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஸோஜீயா யூனிகோடா என்று கண்டறிய கூகுள் 2018-இல் வெளியிட்ட நிரல்தொகுதியும் இருக்கிறது. ஆனால் மூன்று வகைக் குறியீடும் ஒரே பத்தியில் கலந்து கிடந்தால் எந்தக் கருவியும் கைகொடுக்காது. ஆள் வைத்து மறுபடியும் தட்டச்சு செய்வித்தேன். அதற்கு ஒன்றரை லட்சம் கியாட் ஆயிற்று. வார்ப்புருவில் கைவைப்பதற்கு முன்பே உள்ளடக்கம் அனைத்தையும் யூனிகோடுக்கு மாற்றி, ஒரு தடவை மெய்ப்புப் பார்த்து, தனிக் கோப்பாக வைத்துக்கொள்வது நல்லது. குலைந்த எழுத்தைப் பார்த்துவிட்டு வார்ப்புருவைப் பழிக்கும் வீண் வேலை இதனால் பாதி குறையும்.

செய்திப் பட்டியலில் ஒவ்வொரு அறிவிப்பின் தொடக்க வரிகளை மட்டும் காட்டுவது வழக்கம். என் வார்ப்புருவில் தமிழ் அறிவிப்புகளின் முடிவில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி தோன்றியது. எதனால் என்று கண்டுபிடிக்க நெடுநேரம் ஆயிற்று. கணினி சேமிக்கும் முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் (சேமிப்பின் சிறிய அலகு) போதும், தமிழுக்கும் பர்மிய மொழிக்கும் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வேண்டும். மென்பொருள் பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதிய நிரல் பைட்டை எண்ணி வெட்டியதால், கத்தி சில சமயம் ஓர் எழுத்தின் நடுவிலேயே விழுந்தது. இதைத் திருத்த வேர்ட்பிரஸின் சொந்தச் சுருக்க வசதிக்கு மாறினேன். அது சொற்களை எண்ணும், இயல்பாக 55 சொல்லோடு நிறுத்தும். தமிழ் சீரானது. பர்மிய மொழியில் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் இடம்விடும் வழக்கம் இல்லாததால், வேர்ட்பிரஸின் கணக்கில் ஒரு நீண்ட தொடரே ஒரு சொல்லாகிவிட, பட்டியலில் முழு அறிவிப்பும் வந்து கொட்டியது. முடிவில் ஒவ்வொரு அறிவிப்புக்கும் சுருக்கத்தைக் கையால் எழுதுவதற்கென்று உள்ள பெட்டியையே பயன்படுத்தும்படி கோயில்காரர்களைப் பழக்கினேன். மூன்று மொழித் தளத்துக்கு இதைவிட நம்பகமான வழி எனக்குக் கிடைக்கவில்லை. இணைப்பு முகவரியிலும் இதே வகையான பொறி இருக்கிறது. தலைப்பைத் தமிழில் வைத்தால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழிலேயே அமைக்கும். ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 குறியீடுகளாக விரியும், மொத்த இடமோ 200தான். கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியே எண்ணினால் 22 குறிகளுக்குமேல் அடங்காது. 'பங்குனி உத்திரத் திருவிழா' என்று தொடங்கும் ஒவ்வோர் ஆண்டின் அறிவிப்பும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு, கடைசியில் ஓர் எண்ணால் மட்டும் வேறுபட்டு நின்றது. வைபர் செயலியில் அந்த இணைப்பை அனுப்பினால் சதவீதக் குறிகள் திரை முழுவதும் ஓடின. பக்கத்தின் பெயர் தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் ஆண்டோடு சேர்த்துச் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் கையால் எழுதிவிடுங்கள்.

முதல் தளம் ஒருவாறு நின்ற பிறகு இரண்டாவது கோயிலுக்கு அதே வார்ப்புருவை எடுத்துச் சென்றபோதுதான் மென்பொருள் உண்மையில் என்ன செய்திருக்கிறது என்பது தெரிந்தது. 'மேலும் படிக்க', 'தேடுக' போன்ற சொற்களும், அடிப்பகுதியின் முகவரியும், முகப்புப் படத்தின் மேல் உள்ள வாசகமும் வார்ப்புருக் கோப்புகளுக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருந்தன. கோயில் கணக்கைப் பார்க்கும் அக்கா ஒருவர் பூசை நேரத்தை மாற்ற முயன்றார். வேர்ட்பிரஸின் தொகுப்பியில் அவர் எவ்வளவு தேடினாலும் அந்த வரி கிடைக்காது, ஏனெனில் அது உள்ளடக்கத்தில் இல்லை, வார்ப்புருவில் இருந்தது. ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் நான் என் கணினியில் மென்பொருளைத் திறந்து, மாற்றி, மறுபடி வெளியிட்டு, ஏற்ற வேண்டியிருந்தது. வார்ப்புரு என்றால் வடிவம் ஓரிடத்திலும் செய்தி வேறிடத்திலும் இருக்க வேண்டும். இதில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மென்பொருள் வெளியிட்ட வார்ப்புருவை ஒரு வெற்றுத் தளத்தில் ஏற்றி, பிறகு வேர்ட்பிரஸோடு வரும் இயல்புத் தீம் (வேர்ட்பிரஸில் வார்ப்புருவுக்குப் பெயர் தீம்) ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். அழகு போனாலும் செய்தி முழுவதும் இருந்தால் வார்ப்புரு ஒழுங்கானது. செய்தியும் சேர்ந்து மறைந்தால் அதை வாங்க வேண்டாம்.

2020 ஆகஸ்டில் வேர்ட்பிரஸ் 5.5 வந்தது. தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் வழங்கி நிறுவனம் அதைத் தானாகவே ஏற்றிவிட்டது. அந்தப் பதிப்பில், ஜேகுவெரி என்ற நிரல்தொகுதியைக் கொண்டு எழுதிய பழைய நிரல்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு துணைக்கோப்பு நீக்கப்பட்டது. என் மென்பொருள் எழுதியிருந்த கைபேசிப் பட்டி அந்தத் துணைக்கோப்பை நம்பித்தான் இயங்கியது. பட்டி திறக்கவில்லை. யாங்கோனில் நோய்த்தொற்று பரவி மக்கள் வீட்டோடு இருக்க நேர்ந்த காலம் அது. கோயில் நடை சாத்தியிருப்பதையும், வேண்டுதல்களை எப்படிச் செலுத்தலாம் என்பதையும் அறிவிக்கத் தளம் மிகவும் தேவைப்பட்ட வேளையில், கைபேசியில் பார்த்த எவராலும் முகப்பைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினேன். புதிய பதிப்பில் சரிசெய்யப்பட்டுள்ளது, உரிமம் பெற்றவர்கள் பாதி விலைக்கு வாங்கலாம், பதிவான மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள் என்று பதில் வந்தது. பதிவான மின்னஞ்சலோ முகவருடையது. அவருடைய கடை பூட்டிக் கிடந்தது, தொலைபேசி எடுக்கவில்லை. அன்று இரவு எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கணினியைத் தெருவில் எறியாதது பெரிய காரியம். பழைய துணைக்கோப்பை மீட்டுத் தரும் பிளகின் (கூடுதல் வசதி தரும் செருகுநிரல்) ஒன்றை வேர்ட்பிரஸ் குழுவே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுத் தற்காலிகமாகச் சமாளித்தேன். பிறகு வழங்கி பிஎச்பி 8-க்கு மாறியபோது, அந்தப் பதிப்பில் நீக்கப்பட்ட ஒரு கட்டளையை வார்ப்புரு பல இடங்களில் பயன்படுத்தியிருந்ததால், தளம் முழுவதும் வெள்ளைத் திரையாயிற்று. இரண்டாவது கோயிலுக்கு வாங்கிய முன்பணம் 3 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உரிமம், முகவர் கூலி, தட்டச்சு, திருப்பிய பணம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 7 லட்சம் கியாட் கையைவிட்டுப் போனது; அந்தப் பணத்தில் அச்சகத்துக்கு ஒரு நல்ல வெட்டும் இயந்திரத்தைப் பழையதாக வாங்கியிருக்கலாம் என்று என் மனைவி சொன்னார், அவர் சொன்னதில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.

இப்போது நான் பயன்படுத்தும் முறைக்கு உரிமக் கட்டணம் கிடையாது. 2022 ஜனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 5.9 பதிப்பிலிருந்து, தலைப்பகுதி, அடிப்பகுதி, பட்டியல் பக்கம் ஆகியவற்றையும் உலாவிக்குள்ளேயே கட்டங்களாக அமைக்கும் தளத் தொகுப்பி சேர்ந்துவிட்டது. அதற்கேற்ற, கட்டங்களால் ஆன பிளாக் தீம் ஒன்றை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, எழுத்துரு, நிறம், அளவு, இடைவெளி ஆகியவற்றை ஒரே அமைப்புக் கோப்பில் வைத்துவிடலாம். அடுத்த கோயிலுக்கு அந்தக் கோப்பை மாற்றினாலே முகம் மாறிவிடும். இதிலும் ஒரு நுட்பத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தளத் தொகுப்பியில் நாம் செய்யும் மாற்றங்கள் தீமின் கோப்புகளில் எழுதப்படுவதில்லை, தரவுத்தளத்தில்தான் சேமிக்கப்படுகின்றன. தீம் கோப்புறையை மட்டும் நகலெடுத்து வேறு தளத்தில் வைத்தால், மாற்றம் எதுவும் இல்லாத பழைய தீமே வந்து நிற்கும். தொகுப்பியில் உள்ள ஏற்றுமதி வசதியாலோ, 'கிரியேட் பிளாக் தீம்' என்ற இலவசப் பிளகினாலோ மாற்றங்களைச் சேர்த்து ஒரு சிப் (zip) கோப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சிப் கோப்புதான் உண்மையான வார்ப்புரு. அதை நாள் குறித்துச் சேமித்து வருகிறேன். பழைய வகைத் தீமைத் திருத்துகிறவர்கள் மூலத்தில் கைவைக்காமல் அதைச் சார்ந்து நிற்கும் சைல்டு தீம் ஒன்றை அமைத்து அதில் எழுதினால், மூலத் தீம் புதுப்பிக்கப்படும்போது உழைப்பு அழியாது. பன்மொழிப் பிளகினைத் தேர்ந்தெடுக்கும்போது, அது பக்கங்களையும் பதிவுகளையும் மட்டும் மொழிபெயர்க்கிறதா, தலைப்பகுதியையும் அடிப்பகுதியையும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இலவசப் பதிப்புகளில் சில முதலாவதோடு நின்றுவிடும்.

எழுத்துருவின் உரிமத்தையும் கவனிக்க வேண்டும், ஏனெனில் வார்ப்புருவை விற்கும்போது அதனுள் இருக்கும் எழுத்துருவையும் சேர்த்தே கொடுக்கிறோம். விண்டோஸோடு வரும் லதா எழுத்துருவைக் கணினியிலிருந்து எடுத்துத் தளத்தில் ஏற்ற நமக்கு உரிமை இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை ஆகியவையும், பர்மிய மொழிக்குப் படௌக், நோட்டோ சான்ஸ் மியான்மர் ஆகியவையும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. இவற்றை வார்ப்புருவோடு சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் மூன்று மொழிக்கும் எல்லாத் தடிப்புகளையும் ஏற்றினால் பக்கம் கனத்துவிடும். இங்கே மின்வெட்டும் இணையத் தடையும் அன்றாடம். கைபேசித் தரவை எண்ணிச் செலவழிப்பவர்கள்தான் மிகுதி. ஆகவே மொழிக்கு இரண்டு தடிப்போடு நிறுத்திக்கொண்டு, எழுத்துரு வந்து சேரும்வரை கைபேசியின் சொந்த எழுத்துருவிலேயே செய்தி தெரியும்படி அமைத்திருக்கிறேன். முகப்பில் தானாக நகரும் படவரிசையை எடுத்துவிட்டேன். அதற்காக வருந்தியவர் ஓர் அறங்காவலர் மட்டும்தான், அவருடைய படம் அதில் இருந்தது. மென்பொருளோடு வந்த அலங்காரப் படங்களையும் விட்டுவிட்டேன், ஏனெனில் அவற்றை நம் தளத்தில் பயன்படுத்தலாம், விற்கும் வார்ப்புருவில் சேர்க்கக்கூடாது என்று உரிமத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது.

ஒவ்வொரு வேலைக்கும் இப்போது இரண்டு பக்க ஒப்பந்தம் போடுகிறேன். தளப்பெயரும் வழங்கிக் கணக்கும் கோயிலின் மின்னஞ்சலில், கோயிலின் பெயரில் இருக்கும். வேலை முடியும் நாளில் வார்ப்புருவின் சிப் கோப்பும், உள்ளடக்கத்தின் யூனிகோடுக் கோப்பும், எழுத்துரு உரிமங்களின் நகலும் ஒரு நினைவுக்கோலில் கோயிலுக்குப் போகும். செய்தியை மாற்றக் கற்றுக்கொள்வதற்குக் கோயிலின் சார்பில் இருவர் வரவேண்டும். ஒருவர் மட்டும் என்றால் அவர் வெளிநாட்டு வேலைக்குப் போனதும் தளம் அப்படியே நின்றுவிடுகிறது. வேர்ட்பிரஸும் பிஎச்பியும் புதுப்பிக்கப்படும்போது முதலில் நகல் தளத்தில் ஏற்றிப் பார்த்து, பட்டி திறக்கிறதா, மூன்று மொழியும் உடையாமல் தெரிகிறதா என்று சோதித்த பிறகே உண்மைத் தளத்தில் ஏற்றுவேன் என்றும், அதற்கு ஆண்டுக் கட்டணம் தனி என்றும் எழுதியிருக்கிறேன். விலை பேசும்போது இந்த ஆண்டுக் கட்டணத்தைத்தான் எல்லாரும் குறைக்கச் சொல்கிறார்கள். வடிவமைப்புக் கூலியில் குறைத்துக்கொள்கிறேன். இதில் மட்டும் குறைப்பதில்லை.